‘ஹேண்ட்’ என்றால் கை மட்டும்தானா? அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் ஐயம்

அம்மாப்பேட்டை_தறிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்கிறது. வெளிநாட்டில் உள்ள ஒருவருக்குப் பருத்தித் துண்டுகளின் மாதிரியை அண்மையில் அனுப்பியிருந்தோம். நிறமும் கரையும் மிகவும் பிடித்திருக்கின்றன என்று பதில் எழுதியவர், ‘தி ஹேண்ட் இஸ் அ பிட் ஹார்ஷ்’ என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார். வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் கடிதத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ‘கை கொஞ்சம் கடுமையாக இருக்கிறதாம்’ என்று சொல்லிவிட்டேன். நெய்தவர் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஓங்கி ஓங்கி அடித்துவிட்டார் என்று அப்பா அதைப் புரிந்துகொண்டு, அந்தத் துண்டை நெய்த என் மாமாவிடம் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமாவோ, தம் கை முப்பது ஆண்டுகளாக இதே கைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அகராதியில் கை, கடிகார முள், வேலையாள், கையெழுத்து, சீட்டாட்டத்தில் கைக்கு வந்த சீட்டுகள் என்று பல பொருள்கள் கிடைத்தன. எதுவும் இந்த வரியில் பொருந்தவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற_ஆங்கில_ஆசிரியை

தம்பி, முதலில் மாமாவிடம் சமாதானமாகப் போய்விடுங்கள். அவர் கையில் குற்றமில்லை.

துணி வணிகத்தில் ‘ஹேண்ட்’ என்பது நெய்தவரின் கை அன்று. துணியைத் தொடுகிறவரின் கைக்குக் கிடைக்கும் உணர்வு. ‘ஹேண்டில்’ என்றும் அதையே சொல்வார்கள். மென்மை, விறைப்பு, சொரசொரப்பு, கையில் பிடித்துத் தொங்கவிட்டால் துணி எப்படி விழுகிறது என்பதெல்லாம் சேர்ந்த ஒரு மொத்த மதிப்பீடு அது. ஜவுளிக் கடையில் நம் வீட்டுப் பாட்டிமார் புடவையின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ‘மொடமொடவென்று இருக்கிறது, வேறு காட்டுங்கள்’ என்று தள்ளிவைப்பார்களே, அந்தத் தீர்ப்புக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். துண்டு விறைப்பாக இருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. பாவுக்கு, அதாவது நீள நூலுக்கு, போட்ட கஞ்சி கூடிவிட்டதா, அனுப்புவதற்கு முன் ஒரு முறை அலசினீர்களா என்று பாருங்கள்.

அகராதி உங்களுக்கு ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இதே இடத்தில்தான் பிள்ளைகள் இடறியதைப் பார்த்திருக்கிறேன். கை பிடிக்கிறது, எழுதுகிறது, உழைக்கிறது, தொட்டு அறிகிறது, சுட்டிக் காட்டுகிறது. இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் கையின் பெயரையே வைத்துவிடும் பழக்கம் ஆங்கிலத்துக்கும் உண்டு, தமிழுக்கும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் கையை அழைப்பது, எந்த இடத்தில் ஆளையோ முள்ளையோ அழைப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆங்கிலக் கடிகாரத்தில் நேரத்தைச் சுட்டுவது கை. நம் கடிகாரத்தில் முள். ஆகவே ‘ஹேண்ட்’ என்று கண்டதும் ‘கை’ என்று எழுதாமல், இந்த வாக்கியத்தில் அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலைமேல்_எழுத்தர்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். ‘ஹேண்ட்’ எனக்கு வேறு விதமாகப் பாடம் கற்பித்தது.

மிளகு பறிக்கும் பருவத்தில் சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி சரிந்து எங்கள் தொழிலாளர் ஒருவர் விழுந்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் எலும்பு முறிந்துவிட்டது. காப்பீட்டுப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பியவன் நான். ‘வலது கை முறிவு’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டு ‘ரைட் ஹேண்ட்’ என்று எழுதி அனுப்பினேன். படிவத்தில் ஹேண்ட் என்று இருக்கிறது, எக்ஸ்ரேயில் முறிந்திருப்பது ரேடியஸ் எலும்பு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அந்த நிறுவனம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்தி எழுதி, மருத்துவரிடம் மறுபடி கையொப்பம் வாங்கிப் பணம் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அவர் வாரம் ஒரு முறை அலுவலக வாசலில் வந்து நின்றது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆங்கிலேயருக்கு ‘ஹேண்ட்’ மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. மருத்துவர்கள் கணக்கில் அதற்குள் இருப்பவை 27 எலும்புகள். மணிக்கட்டுக்கு மேல் தோள் வரை ‘ஆர்ம்’. நமக்கோ விரல்நுனியிலிருந்து தோள்பட்டை வரை எல்லாமே கை. பிரித்துச் சொல்ல வேண்டியபோது மட்டும்தான் உள்ளங்கை, புறங்கை, முழங்கை என்று சொல்வோம். சட்டைக்கு முழுக்கை, அரைக்கை என்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான். காலுக்கும் இதே சிக்கல் உண்டு.

ஆசிரியை சொன்ன உழைக்கும் கையையும் பழைய பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. அதன்பின் வந்த துரைமார் கணக்கு எழுதிய முறையே பல தோட்டங்களில் நெடுநாள் நீடித்தது. எங்கள் பழைய பதிவேட்டில் ஒரு பத்தியின் தலைப்பு ‘ஹேண்ட்ஸ்’. அதன் கீழ் பெயர்கள் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மாட்டைத் தலையால் எண்ணுகிறார்கள், கூலியாளைக் கையால் எண்ணுகிறார்கள். நாம் ‘இன்று எத்தனை ஆள்?’ என்றுதான் கேட்போம். கை மட்டும் வேலைக்கு வந்துவிட்டுப் போவதில்லையே.

வாழைமண்டி

எங்கள் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வாழைத்தாரில் நாம் சீப்பு என்பதை ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்பார்கள், தனிப்பழத்தை ‘ஃபிங்கர்’ என்பார்கள். ஏற்றுமதிப் பட்டியல் ஒன்றில் ஒரு பெட்டிக்கு இத்தனை ஹேண்ட் என்று இருந்ததை, இத்தனை ஆள் தூக்க வேண்டும் என்று எங்கள் பையன் படித்துவிட்டான். நமக்குச் சீப்பாகத் தெரிவது அவர்களுக்கு விரல் விரித்த கையாகத் தெரிகிறது. பார்த்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைச்_செந்தமிழன்

ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு இத்தனை வியப்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தமிழில் கை செய்யாத வேலை உண்டா? கைராசி, கைப்பக்குவம், கைமணம், கைவரிசை, கைத்தடி, கைங்கரியம், கைது, கைதி என்று எழுதிக்கொண்டே போகலாம். நான்கு பேர் சீட்டாட உட்கார்ந்தால் ‘ஒரு கை குறைகிறது’ என்கிறோம். அது உங்கள் ‘ஹேண்ட்ஸ்’ தானே? ஆளைக் கையென்பது துரைமாருக்கு மட்டும் உரியதன்று. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று ஒரு கருமியை நாம் படம் பிடிப்பதுபோல் ஆங்கிலத்தால் பிடிக்க முடியுமா?

அஸ்தம்பட்டி_வழக்குரைஞர்

அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு கையைப் பற்றிய பேச்சில் கலந்துகொள்ளாமல் இருப்பது நியாயமில்லை.

செந்தமிழன் ஐயா, சீட்டாட்டக் கையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலிலிருந்து மூன்று சொற்களை நீக்க வேண்டும். கைது, கைதி இரண்டும் கட்டுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தவை. கைங்கரியம் சமஸ்கிருதத்தில் பணியாளைக் குறிக்கும் கிங்கரன் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மூன்றிலும் கை இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் இந்தச் சொல்லோடு அன்றாடம் புழங்குகிறேன். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள அழைப்பாணைப் படிவம், ‘கிவன் அண்டர் மை ஹேண்ட் அண்ட் தி சீல் ஆஃப் தி கோர்ட்’ என்று முடியும். இங்கே கை என்பது கையொப்பம். பழைய ஆங்கிலத்தில் ஒருவருடைய ‘ஹேண்ட்’ என்றால் அவருடைய கையெழுத்து. எழுதத் தெரிந்தவன் என்ற மதிப்பு அதில் இருக்கிறது. நாமோ ‘அவர் கைநாட்டு’ என்றால் எழுதத் தெரியாதவர் என்கிறோம்.

கடன் விவகாரத்தில் இன்னும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ‘நோட் ஆஃப் ஹேண்ட்’ என்று பழைய ஆவணங்களில் வந்தால் அது புரோநோட்டு, அதாவது எழுதிக் கையொப்பமிட்ட கடன் பத்திரம். நாம் கைமாற்று என்பது எழுத்தே இல்லாமல் நம்பிக்கையின்பேரில் கைக்குக் கை கொடுத்த பணம். நம் ஊர் வழக்கு மனுக்களில் கைமாற்றை ‘ஹேண்ட் லோன்’ என்று எழுதுவது நிலைபெற்றுவிட்டது. அது நம் தமிழை ஆங்கிலமாக்கிய தொடர். நம் நீதிமன்றங்களுக்கு நன்றாகப் புரியும், இங்கிலாந்துக்காரருக்கு விளக்க வேண்டியிருக்கும். என் கட்சிக்காரர் ஒருவர் ‘நோட் ஆஃப் ஹேண்ட்’ என்பதைக் கைமாற்று என்று நினைத்து, தம்மிடம் பத்திரமே கிடையாது என்று எதிர்த்தரப்பிடம் சொல்லிவிட்டு வந்தார். பத்திரம் அவர் வீட்டுப் பீரோவில் இருந்தது.

‘ரெட் ஹேண்டட்’ பற்றியும் ஒன்று. குருதி படிந்த கையோடு பிடிபட்டவனைக் குறித்து ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே ‘ரெட் ஹேண்ட்’ என்ற வழக்கு இருந்தது. தமிழில் கையும் களவுமாக என்கிறோம். அவர்களுக்குக் கையில் குருதி, நமக்குக் கையில் திருட்டுப் பொருள். ஆனால் நம் ஊர் லஞ்ச வழக்குகளில் ஆங்கிலத் தொடர் சொல்லுக்குச் சொல் மெய்யாகிவிடுகிறது. ‘ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகள்’ என்று செய்தித்தாளில் படிப்பீர்கள் அல்லவா? தடவுவது பினால்ப்தலீன் பொடி. நோட்டை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கரைசலைப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டுச் சான்றுப் பொருளாக்குவார்கள். புட்டியை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தபோது, அந்த நிறம் ரோஸ்மில்க்கைப்போல் இருந்தது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

மலைமேல்_எழுத்தர்

லஞ்சம் என்றதும் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் லஞ்சத்துக்கு ‘பேக்ஹேண்டர்’ என்று ஒரு பேச்சுவழக்குச் சொல் உண்டு, புறங்கையால் கொடுப்பது. நாம் தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்கிறோம். மலையில் தேன் எடுப்பவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பழமொழியில் ஒரு மன்னிப்பும் கலந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அது இல்லை.

ஓய்வுபெற்ற_ஆங்கில_ஆசிரியை

செந்தமிழன் ஐயாவின் காக்கைக்கு ஆங்கிலத்தில் ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘டைட் ஃபிஸ்டட்’ என்று முட்டியை இறுக்கிக் காட்டுவார்கள். அதில் காக்கையும் இல்லை, சோற்றுப் பருக்கையும் இல்லை. ஆனால் இருமொழியிலும் ஒரே படம் இருக்கும்போதுதான் நான் அதிகம் அஞ்சுவேன். வேறாக இருப்பது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுபோல் இருப்பது ஏமாற்றும்.

‘ஹேண்ட் டு மவுத்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாணவர்களில் பாதிப்பேர் இதைக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எழுதுவார்கள். கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது, ஆனால் பொருள் முற்றிலும் வேறு. நம் பழமொழி கிடைக்கவிருந்தது தவறிப்போனதைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடர் அன்றைய வருமானம் அன்றைய உணவுக்கே சரியாகப் போவதைச் சொல்கிறது. அதற்கு நம்மிடம் அன்றாடங்காய்ச்சி என்ற அருமையான சொல் இருக்கிறது. அதில் கையும் இல்லை, வாயும் இல்லை, உலைப்பானை மட்டும் இருக்கிறது.

‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ இதைவிடக் கள்ளத்தனமானது. நிலைமை ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ ஆகிவிட்டது என்றால் கைமீறிப் போய்விட்டது என்று தயங்காமல் எழுதலாம். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். ஆனால் ஒரு கோரிக்கையை ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ நிராகரித்தார்கள் என்று வந்தால், எடுத்த எடுப்பிலேயே, யோசித்துப் பார்க்காமலே தள்ளிவிட்டார்கள் என்று பொருள். அங்கே கைமீறியது எதுவுமில்லை.

‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்பதை ‘மறு கையில்’ என்று எழுதும் கட்டுரைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இதற்கு மறுபுறம் என்ற நல்ல சொல் எப்போதும் இருந்திருக்கிறது. பக்கத்தைக் கையால் சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சோற்றாங்கைப் பக்கம் திரும்பு, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு என்று வழி சொல்லி வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால் அது தெருவுக்கு, வாதத்துக்குப் புறம்தான்.

கை கழுவுவதும் அப்படித்தான். ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் இருப்பவன் மத்தேயு நற்செய்தியில் வரும் பிலாத்து: இந்த இரத்தப்பழி என்மேல் இல்லை என்று கூட்டத்தின் முன் தண்ணீரில் கை கழுவியவன். ஆகவே ஆங்கிலத்தில் பொறுப்பை உதறுவது முன்னால் நிற்கும். தமிழில் ‘அந்தப் பையனைக் கை கழுவிவிட்டார்கள்’ என்று கேட்கும்போது எனக்குத் தோன்றுவது சாப்பிட்டு முடித்து இலையை விட்டு எழுந்துபோகிற ஒருவர். உறவு முடிந்தது என்பதே அங்கு முதன்மை.

திருமணப் பேச்சிலும் கை வந்துவிடும். ஆங்கிலத்தில் பெண்ணின் ‘ஹேண்ட்’ கேட்பார்கள். ரோமானியச் சட்டத்தில் மனைவி கணவனுடைய ‘மானுஸ்’, அதாவது கை, என்னும் அதிகாரத்துக்குள் போகும் ஒரு திருமண முறையே இருந்தது. ‘இமான்சிபேட்’ என்ற விடுதலைச் சொல்லுக்குள் இருப்பதும் அதே லத்தீன் கைதான். நம்மிடம் கைப்பிடித்தல் உண்டு என்றாலும், சேலம் பக்கத்துப் பேச்சுவார்த்தையில் கை முதலில் தலைகாட்டுவது வேறொரு இடத்தில். பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காப்பி குடிக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து தீவிரமாக விவாதித்ததை என் அக்காளின் திருமணத்தின்போது பார்த்திருக்கிறேன். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது, சாப்பிட்டால் சம்மதம் என்பதை எந்த ஆங்கில அகராதியும் தராது.

இன்னும் ஒன்று, எழுத்தருக்காக. தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக வாங்கும் ‘மன்யூர்’ இருக்கிறதே, அதுவும் ‘மானுஸ்’ குடும்பம்தான். கையால் நிலத்தில் பாடுபடுவது என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் உழவையும், பிறகு உழவுக்கு இடும் உரத்தையும் குறித்தது.

மலைமேல்_எழுத்தர்

அம்மா, உரக்கணக்கு எழுதும் பக்கத்தில் இனிமேல் சிரிக்காமல் எழுத முடியாது.

இரவுப்பணி_உதவியாசிரியர்

செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பதால் என் பங்குக்கு இரண்டு விபத்துகள். ஒரு சரக்குக் கப்பல் ‘வித் ஆல் ஹேண்ட்ஸ்’ மூழ்கியது என்று செய்தி வந்தது. புதிதாக வந்த ஒருவர் ‘அனைத்துக் கருவிகளுடனும்’ என்று எழுதியிருந்தார். கப்பலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்பதே பொருள். அச்சுக்குப் போவதற்குள் பார்த்துவிட்டோம். கருவி என்று அவர் எழுதியதற்கும் காரணம் இல்லாமலில்லை. அவர் ‘ஹேண்ட்’ என்பதைக் கைப்பிடி உள்ள பொருளாக எண்ணிவிட்டார். இன்னொன்று நான் செய்தது. மேடையில் பேசியவர் ‘கிவ் ஹிம் அ பிக் ஹேண்ட்’ என்றார். பலத்த கைதட்டலைக் கேட்டார். நான் பேருதவி செய்யுமாறு கேட்டுக்கொண்டார் என்று எழுதிவிட்டேன். ‘பிக்’ இல்லாமல் வந்தால் பெரும்பாலும் உதவி. ‘பிக்’ சேர்ந்தால் கைதட்டல். ஒரு சிறு அடைமொழி அத்தனை வேலை செய்கிறது.

இதையும் கேளுங்கள். ‘ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்பதில் ‘கர்ச்சீஃப்’ பழைய பிரெஞ்சில் தலையை மூடும் துணி. தலைத்துணி கைக்கு வந்தபோது முன்னால் ‘ஹேண்ட்’ ஒட்டிக்கொண்டது. நாம் அந்தக் கையை வெட்டிவிட்டுக் ‘கர்ச்சீப்’ என்று மட்டும் சொல்கிறோம். ஆகச் சட்டைப்பையில் தலைமுக்காட்டை மடித்து வைத்துக்கொண்டு அலைகிறோம்.

செவ்வாய்ப்பேட்டைச்_செந்தமிழன்

கைது பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன், வழக்குரைஞர் ஐயா. அத்தனை ஆண்டுகள் அதைத் தமிழென்றே நம்பியிருந்தேன். ஆனால் கை நனைத்தலைப் பற்றி ஆசிரியை எழுதிய பிறகு என் தரப்பு தோற்றுவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

அம்மாப்பேட்டை_தறிக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை எழுதியதை அன்றிரவே அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், அனுப்பாமல் வைத்திருந்த ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தார். பிறகு ‘கஞ்சிதான்’ என்றார். மழை பிடித்திருந்ததால் பாவு காயாமல் போய்விடுமோ என்று, தெருவில் பாவு நீட்டியபோது வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கஞ்சி போட்டவர் அவரே. மாமா அந்த வேலையில் இல்லை.

புதிய மாதிரியை இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி அனுப்பியிருக்கிறோம். ‘ஹேண்ட்’ இப்போது மென்மையாக இருக்கும் என்று நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வரியை மாமாவிடமும் படித்துக் காட்டச் சொன்னார் அப்பா. அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. ‘கை என் கைதான், கஞ்சி அவர் கஞ்சி என்றும் ஒரு வரி சேர்த்து எழுது’ என்றார் மாமா. அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.